பரந்தனில சின்ன மில் ஒண்டு: பூட்டுறதோ, லீசிங் வாகனத்தை விடுறதோ, என்ன செய்யலாம்?

பரந்தன்பிள்ளை
2021 ஆனி 26

வணக்கம் எல்லாருக்கும். நீளமா எழுதப்போறன், குறை நினையாதேங்கோ. ஊருக்குள்ள ஆரிட்டயும் வாய்விட்டுக் கேக்கேலாமக் கிடக்கு, அதுதான் இஞ்ச எழுதுறன்.

நான் பரந்தன் பக்கம் சின்ன மில் ஒண்டு நடத்துறன். மிளகாய்த்தூள், அரிசிமா, உழுத்தம்மா, சத்துமா. முதல் ஊர்ச்சனத்துக்குக் கூலிக்கு அரைச்சுக் குடுத்துக்கொண்டிருந்து, பிறகு நாங்களே செத்தல், மல்லி எல்லாம் வாங்கி வறுத்து அரைச்சுப் பைக்கற் பண்ணிக் கடையளுக்குப் போடத் தொடங்கினனாங்கள். ரெண்டு அக்காமார் வேலைக்கு நிக்கினம், ரெண்டு பேருமே குடும்பத்தைத் தனியச் சுமக்கிற ஆக்கள். தருமபுரம், விசுவமடு, கிளிநொச்சி ரவுண், முறிகண்டி வரைக்கும் கடை பிடிச்சு வச்சிருந்தம். வெள்ளவத்தையில ரெண்டு கடைக்கு பஸ்ஸில பெட்டி ஏத்திவிடுறனாங்கள். எல்லாத்தையும் விட, ஆடி ஆவணியில வெளிநாட்டுச் சனம் நல்லூர்த் திருவிழாவுக்கு எண்டு வந்தா, திரும்பிப் போகேக்க ஒராள் அஞ்சு கிலோ பத்துக் கிலோ எண்டு சொல்லித் தூள் இடிப்பிச்சுக்கொண்டு போகும். வருசத்தில எங்களுக்கு மிச்சம் எண்டு கையில நிண்டது அந்தக் காசுதான்.

2020 பங்குனியில முதல் ஊரடங்கு போட்டநேரம் எங்களுக்கு யாவாரம் இருந்தது. சனம் மா, தூள் எண்டு சேத்து வைக்க வாங்கினது, பாஸ் எடுத்து ஓடித்திரிஞ்சு குடுத்தம். அடி விழுந்தது அதுக்குப் பிறகுதான். டொலர் வெளிய போகாமப் பாக்கிறம் எண்டு மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டினவை, கிலோ 3000 ரூபாயைத் தாண்டிப் போட்டுது. உழுந்தையும் நிப்பாட்டினவை, அதுவும் ஆயிரத்துக்கு மேல. தூளுக்கு மஞ்சள் எப்பன்தானே போறது எண்டு கேப்பினம். ஆனா மஞ்சளைக் குறைச்சா உடன தெரியும். வறுத்த மல்லியும் பெருஞ்சீரகமும் தனிய மணக்கும், நிறம் ஒரு மாதிரிக் கறுத்து நிக்கும், சமைக்கிற சனம் உள்ளங்கையில ஒரு சொட்டுக் கொட்டித் தேய்ச்சுப் பாத்தே இது பழைய தூள் இல்லையெண்டு சொல்லிப்போடும். வெளியில அரிசிமா கலந்த மஞ்சள்தூள் எல்லாம் விலைப்பட்டுக்கொண்டிருந்தது, நாங்கள் அதைத் தொடேல்ல. விலையையும் ஓரளவுக்கு மேல ஏத்தேலாது, ஏத்தினா 50 கிராம் பைக்கற் வாங்கிற சனம் அதையும் விட்டிடும்.

இப்ப நிலமை என்னெண்டா கடையளில எனக்கு வரவேண்டியது நாலு லட்சத்துக்குக் கிட்ட நிக்குது. ஒரு கடைக்காரர் தந்த செக் திரும்பி வந்திட்டுது, அவரைக் கோவிக்கவும் மனமில்லை, அவற்ற கடையில றாக்கை பாதி வெறுமையாக் கிடக்கு. வெளிமாகாண பஸ் இல்லாதபடியா வெள்ளவத்தை ஓடரும் நிண்டு போச்சு. இந்த முறையும் வெளிநாட்டுச் சனம் வராது. ஆனா லீசிங்கில, அதாவது கம்பனி காசு போட்டு நாங்கள் மாசக்கட்டுக் கட்டுற முறையில, எடுத்த பட்டா எண்ட சின்ன லொறிக்கு மாசம் மாசம் 28,000 கட்டோணும், மெசினுக்கு வங்கிக் கடன் வேற. அதோட கட்டுக்காசு காணாம வந்தநேரம் குழுவாச் சேந்து எடுக்கிற சின்னக் கடன், நுண்கடன் எண்டு சொல்லுறது, ஒண்டு எடுத்தது, அது கிழமைக்குக் கிழமை. லீசிங் ஆக்கள் வீட்டு வாசலில வந்து நிண்டு சீஸ் பண்ணுவம், வாகனத்தைத் தூக்குவம் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். அம்மா அண்டைக்கு முழுக்கச் சாப்பிடேல்ல.

மில்லைக் கொஞ்ச நாளைக்குப் பூட்டிப்போட்டு நிலமை சரிவரத் தொடங்குவமோ, இல்லாட்டி வாகனத்தைத் திருப்பிக் குடுத்திட்டுச் சும்மா இருப்பமோ, கடன் சலுகைக் காலம் எண்டு சொல்லீனமே, அதை எடுத்தா நல்லமோ கெட்டதோ, ஒண்டும் விளங்குதில்லை. இதே மாதிரி நிலமையில இருக்கிற ஆக்கள், இல்லாட்டி விசயம் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் சொன்னா பெரிய உதவி.

----

முள்ளியவளைக்கடை

பிள்ளை, நான் முள்ளியவளையில பலசரக்குக்கடை வச்சிருக்கிறன், அப்பா காலத்துக் கடை. மில்லைப் பூட்டாத. முழுக்க வாசிச்சுப்போட்டுத்தான் சொல்லுறன்.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, யூரியா இல்லை, பற்றரி இல்லை. அப்பவும் இந்த வன்னியில கடை நடந்தது. எப்பிடி நடந்தது எண்டா, சாமான் இல்லாட்டியும் ஆருக்கும் மாசக்கட்டு இல்லை. வாற சாமானை வித்தம், வராட்டி இருந்தம், ஒருத்தரும் வாசலில வந்து நிண்டு உன்ர மெசினைத் தூக்குறன் எண்டு சொல்லேல்ல. 2009க்குப் பிறகு ஏ9 திறந்து கிளிநொச்சியில றோட்டு நீளத்துக்கு லீசிங்கும் பினான்சும் போட்டு வச்சு, மோட்டச்சைக்கிளில இருந்து லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் வரைக்கும் கையெழுத்து வாங்கித் தந்தவை. எல்லாம் இழந்து வந்த சனம், தொழில் தொடங்கக் கையில ஒண்டும் இல்லை, வாங்கினது. அதைப் பிழையெண்டு சொல்லமாட்டன், வேற வழி தந்தது ஆர்? ஆனா இண்டைக்கு உன்னைக் கொல்லுறது கொரோனாவால யாவாரம் குறைஞ்சது இல்லை, குறைஞ்சாலும் குறையாத அந்த மாசக்கட்டுத்தான். அதை முதல் பார். மில் உனக்குச் சோறு போடுறது, அதில கை வையாத.

மற்றது இந்தக் கொப்பிக்கடன், கடையில கொப்பியில எழுதிப்போட்டுச் சாமான் வாங்கிறது. உனக்குக் கடையள் தரவேண்டியது நாலு லட்சம் எண்டா, அந்தக் கடையளுக்குச் சனம் தரவேண்டியது அதைவிடக் கூட இருக்கும். எங்கட பக்கம் கொப்பிக்கடன் அடைபடுறது மாரிகால நெல்லான காலபோகம் வெட்டி மாசி பங்குனியில நெல் வித்தாப்பிறகுதான், இல்லாட்டிக் கடலில கொஞ்சம் பட்டா. இந்த வருசம் வைகாசியில ரசாயன உரம் இறக்குமதி செய்யேலாது எண்டு வர்த்தமானி போட்டாச்சு. வாற காலபோகத்துக்கு உரம் இல்லாட்டி விளைச்சல் என்ன மாதிரி வருமெண்டு தடைக்காலத்தில வயல் செய்த ஆக்களைக் கேளுங்கோ, சொல்லுவினம். அப்ப அடுத்த மாசியில கொப்பி அடைபடும் எண்டு நம்பிக்கொண்டு இப்ப சாமான் குடுக்கிறது கூடாது. நானே என்ர கடையில புதுக்கடன் நிப்பாட்டிட்டன், தெரிஞ்ச சனத்தின்ர முகத்தைப் பாத்து இல்லையெண்டு சொல்லுறது எவ்வளவு கஷ்டம் எண்டு கடை வச்சிருக்கிறவனுக்குத்தான் தெரியும். பால்மாவுக்கு வாற தாய்க்கு மட்டும் இல்லையெண்டு சொல்லுறேல்லை.

நீ என்ன செய்யிறது எண்டா, கடையளுக்குக் கடனுக்குப் போடுறதை உடன நிப்பாட்டு. பழைய நிலுவையைக் காசாக் கேக்காத, காசு இல்லை அவையிட்ட, சாமானாக் கழி. ஒருத்தர் அரிசி தருவார், ஒருத்தர் சீனி, தேங்காய், சவுக்காரம் தருவார், நானும் என்ர கடைக்குத் தூள் போடுற ஆளுக்கு அப்பிடித்தான் அடைச்சுக்கொண்டு வாறன். அதை உன்ர வேலைக்காறப் பிள்ளையளின்ர சம்பளத்தில பாதிக்குக் குடு, அவைக்கும் அதுதானே வீட்டுக்குத் தேவை. பிறகு முந்தி மாதிரிக் கூலிக்கு அரைக்கிறதைப் பெருப்பி. சனம் இப்ப வீட்டில இருக்கிற நெல்லைக் குத்தி மா இடிச்சுத்தான் சாப்பிடுது, பாண் வாங்கிறதைக் குறைச்சிட்டுது. கூலி அரைவையில நீ ஒரு சாமானும் முதல்போட்டு வாங்கத் தேவையில்லை, கரண்ட்காசும் கைக்கூலியும் போக மிச்சம் அண்டண்டைக்குக் கைக்கு வரும்.

வற்றாப்பளைப் பொங்கல் ரெண்டு வருசமாச் சனம் இல்லாம நடந்தது. அந்த ஒரு கிழமை யாவாரத்தை நம்பி வருசம் முழுக்க இருக்கிற கச்சான்கடைக்காரர், வளையல்கடைக்காரர், ஐஸ்கிறீம் வான்காரர் எல்லாம் இப்ப எங்க எண்டே தெரியாது. உனக்கு மெசின் இருக்கு, கரண்ட் இருக்கு, கைப்பக்குவம் இருக்கு.

----

நெளுக்குளம்பந்தல்

அக்கா வணக்கம். நான் வவுனியாவில பந்தல், கதிரை, சவுண்ட்ஸ் வாடகைக்கு விடுறனான். எங்கட தொழிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லைத்தானே, கல்யாணத்துக்கு ஒருக்கா 150 பேர் எண்டாங்கள், பிறகு 50 எண்டாங்கள், பிறகு கல்யாணமே வைக்கேலாது எண்டாங்கள். அட்வான்ஸ் வாங்கின ஆக்களுக்குத் திருப்பிக் குடுக்கோணும், குடுத்தன், சாமத்தியவீடு அந்தியேட்டி எண்டு ஒண்டும் இல்லை, கதிரை முழுக்க அடுக்கினபடி தூசு பிடிச்சுக் கிடக்கு, ஸ்பீக்கரை மட்டும் கிழமைக்கு ஒருக்காப் போட்டுப் பாக்கிறனான், இல்லாட்டி ஈரம் பிடிச்சுப் பழுதாப்போகும்.

லீசிங் விசயத்துக்கு வாறன், இது நான் நேரடியாப் பாத்தது. வாகனத்தைத் திருப்பிக் குடுத்தா கடன் முடிஞ்சுது எண்டு மட்டும் நினைச்சிடாதேங்கோ. அவங்கள் கொண்டுபோய் யார்ட்டில விட்டு ஏலத்தில விப்பாங்கள். வாற காசில முதல் அவங்கட நிலுவை, வட்டி, பிடிக்க வந்த செலவு, நிப்பாட்டி வச்ச செலவு எல்லாம் கழிப்பாங்கள். காணாட்டி மிச்சத்தை உங்களிட்ட கேட்டுக் கடிதம் வரும், பிணை வச்ச ஆக்களுக்கும் போகும். என்ர கூட்டாளி ஒருத்தன் முச்சக்கரவண்டியை விட்டிட்டு நிம்மதி எண்டு இருந்தவன், பிறகு பிணை வச்ச மாமாக்குக் கடிதம் போய் ரெண்டு குடும்பமும் இப்ப கதையில்லை.

ஆனா உங்களுக்கு ஒரு வழி இருக்கு. 2020 பங்குனியில இருந்து வாகன இறக்குமதி நிப்பாட்டிக் கிடக்கு. அதால பாவிச்ச வாகனத்தின்ர விலை நல்லா ஏறிட்டுது, பட்டா மாதிரிச் சின்ன லொறியளுக்குக் கேள்வியும் கூட, மரக்கறி யாவாரம் செய்யிற பெடியள் தேடித் திரியிறாங்கள். நீங்கள் அதை எடுத்து ஓரளவு காலம் எண்டா, இப்ப விக்கிற விலைக்கும் லீசிங்கில அடைக்கிறதுக்கு நிக்கிற காசுக்கும் இடையில உங்களுக்குக் கையில கொஞ்சம் மிஞ்சக்கூட வாய்ப்பிருக்கு. கம்பனியிட்டப் போய் முழுக்க அடைக்கிறதுக்கு எவ்வளவு எண்டு எழுத்தில கேளுங்கோ, வாயால சொல்லுறதை நம்பாதேங்கோ. பிறகு நீங்களே ஆள் பிடிச்சு வில்லுங்கோ. வாங்கிற ஆளை நேர கம்பனிக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கையே காசு கட்டிப் பேர் மாத்தோணும், இடையில புறோக்கருக்குக் காசு குடுத்திட்டு இருக்கக்கூடாது. லீசிங் முடியாம ஆருக்கும் வாகனத்தைக் கைமாத்தி விடவும் கூடாது, அவன் கட்டாட்டி உங்கட பேர்தான் அதில நிக்கும்.

வாகனம் இல்லாட்டி என்னெண்டு சாமான் குடுக்கிறது எண்டு கேப்பியள். இப்ப இருக்கிற யாவாரத்துக்கு மோட்டச்சைக்கிளில பெட்டி கட்டிக் குடுக்கலாம். நான் ஜெனறேற்றர் ஒண்டை வித்துத்தான் லீசிங் முடிச்சனான், விக்கேக்க நெஞ்சு பதறினது உண்மை, ஆனா இப்ப மாசம் பிறக்கிறது எண்டா பயம் இல்லை.

----

அளம்பில்கரை

மேல ஐயா சொன்னதில ஒண்டுக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டன். பூட்டவே கூடாது எண்டு இல்லை. நட்டத்துக்கு நடத்துறதெண்டா ஒவ்வொரு நாளும் திறக்கிறது கடனைப் பெருப்பிக்கிறது மாதிரித்தான். நான் நண்டும் மீனும் எடுத்துக் குடுத்தனான். முதல் ஊரடங்கில ஏற்றுமதி நிண்டு நண்டு விலை விழுந்தது, ஐப்பசியில பேலியகொடை மீன் மாக்கெற்றில கொரோனா எண்டு பூட்டினவுடன மீன் வாங்கக்கூட ஆளில்லை, சனம் மீன் தின்னவே பயந்தது. ஐஸுக்கும் டீசலுக்கும் காசு குடுத்து லொறி ஏத்தினா திரும்பி வாறது அதைவிடக் குறைவு. ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாத்திட்டு எடுப்பை நிப்பாட்டினன். இப்ப வீட்டில மனிசியும் நானும் கருவாடு போடுறம், அது வச்சிருந்து விக்கலாம், ஐஸ் வேண்டாம். அரசாங்கம் தந்த 5000 ரூபா எங்கட வீட்டுக்கு வரேல்ல, பேர் இல்லையாம்.

அக்கா, நீங்கள் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக் கணக்குப் பாருங்கோ. உழுத்தம்மாவில நட்டம் எண்டா அதை மட்டும் நிப்பாட்டுங்கோ. எல்லாத்தையும் ஒண்டாச் சேத்துப் பாத்தா எதில ஓட்டை எண்டு தெரியாது.

----

முள்ளியவளைக்கடை

தம்பி சொல்லுறது சரிதான், நட்டமான சாமானை விடத்தான் வேணும். நான் சொன்னது கதவைப் பூட்டாத எண்டது. ஒருக்காப் பூட்டினா அரைக்க வாற சனம் வேற மில்லுக்குப் பழகிடும், திருப்பி எடுக்கிறது லேசில்லை.

----

கணக்குக்கொப்பி

நான் கொஞ்சக்காலம் வங்கிப் பக்கம் வேலை செய்தனான், இப்ப இல்லை. கடன் சலுகை பற்றி இஞ்ச கனபேருக்குக் குழப்பம் இருக்கிறபடியா விளக்கமா எழுதுறன்.

சலுகைக் காலம் எண்டா தள்ளுபடி இல்லை. அந்த மாசங்களில கட்டாம விடலாம், உங்களைக் கட்டாத ஆள் எண்டு பதியமாட்டினம், ஆனா வட்டி நிக்கிறேல்லை, கட்டாத காசு பின்னுக்குப் போய் நிக்கும். முதல் சலுகை 2020 பங்குனிக் கடைசியில அறிவிச்சது, ரெண்டாவது அலைக்கு 2020 ஐப்பசியில இருந்து 2021 பங்குனி வரைக்கும், இப்ப மூண்டாவது அலைக்கு 2021 ஆவணி 31 வரைக்கும் எண்டு மத்திய வங்கி சொல்லியிருக்கு. வங்கிக்கு மட்டுமில்லை, பதிஞ்ச நிதிக் கம்பனிக்கும் லீசிங் கம்பனிக்கும் சேத்துத்தான். ஆனா தானா வராது, நீங்கள் கேக்கோணும். வாசலில வந்து நிண்ட லீசிங் ஆள் இதைப்பற்றி வாயே திறந்திருக்கமாட்டார் எண்டு நினைக்கிறன்.

அதால முதல் வேலை, லீசிங்குக்கும் வங்கிக்கும் தனித்தனியாக் கடிதம். எந்த மாசத்தில இருந்து வருமானம் எவ்வளவு விழுந்தது, ஏன் விழுந்தது, என்ன கேக்கிறியள் எண்டு நேரடியா எழுதுங்கோ. கடையள் தரவேண்டிய நிலுவைக் கொப்பியின்ர பிரதி, திரும்பின செக்கின்ர பிரதி, பஸ்ஸில பெட்டி ஏத்தின பழைய துண்டுகள் இருந்தா அதுவும் சேருங்கோ. கையில குடுத்தா உங்கட பிரதியில சீல் அடிச்சு வாங்குங்கோ. மாட்டம் எண்டா அதையும் எழுத்தில தரச் சொல்லுங்கோ. தராட்டி மத்திய வங்கியின்ர பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலயே இருக்கு, உங்களுக்குப் பக்கம்தான், அங்க போய்ச் சொல்லலாம். எங்கட சனம் கொழும்புக்குப் போகோணுமாக்கும் எண்டு நினைச்சுப் பேசாம இருந்திடுகினம்.

சலுகை எடுக்கிறதோ விடுறதோ எண்டா, மெசின் கடனுக்கு எடுங்கோ, மெசின் உழைச்சுத் தரும், பின்னுக்குக் கட்டலாம். வாகனத்துக்கு, பந்தல் தம்பி சொன்ன மாதிரி விக்கிறது எண்டு முடிவெடுத்தா விக்கும் வரைக்கும் மட்டும் எடுங்கோ, ஏனெண்டா கூட நாள் போனா முழுக்க அடைக்கிற காசும் கூடும்.

நுண்கடன்தான் எனக்குப் பயம். 2018 இல வறட்சி பாதிச்ச 12 மாவட்டத்தில பெண்கள் எடுத்த ஒரு லட்சம் வரைக்குமான நுண்கடனைத் தள்ளுபடி செய்தது உண்மை, ஆனா அது அந்த நேரம் கட்டாம நிண்ட கடனுக்கு, இப்ப எடுத்ததுக்கு இல்லை. வட்டி வருசத்துக்கு 35 வீதத்துக்கு மேல போகக்கூடாது எண்டு அதுக்குப் பிறகு கட்டுப்பாடு வந்தது. 35 வீதமே எவ்வளவு எண்டு யோசிச்சுப் பாருங்கோ. வன்னியில குடும்பத்தைத் தனியப் பாக்கிற பெண்கள் ஒரு குழுக்கடனைக் கட்ட இன்னொண்டு எடுத்து, அதைக் கட்ட நகையை அடைவு வச்சு, கடைசியில கிழமையில ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆள் வாற நிலமைக்கு வந்ததை நான் கண்ணால பாத்தனான். வாகனம் வித்துக் கையில ஏதும் மிஞ்சினா முதல் நுண்கடனை அடையுங்கோ, வேற ஒண்டுக்கும் எடுக்கவேண்டாம். மிஞ்சாட்டி உங்கட இடத்துச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில அங்கத்தவரோ எண்டு பாருங்கோ, அங்க வட்டி குறைவு, ஆக்களும் ஊர் ஆக்கள்.

கடைசியா, உங்கட மில் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்ததோ? 2020 இல 4 வீத வட்டிக்குத் தொழில்முதல் கடன் குடுத்தவை, முதல் 6 மாதம் கட்டத் தேவையில்லை, 24 மாதத்தில அடைக்கலாம். இருக்கிற கடன் வட்டியளோட பாத்தா அது பெரிய உதவி. ஆனா எங்கட சின்னத் தொழில்காரர் கனபேர் பதிவும் இல்லை, கணக்கும் இல்லை எண்டு வாசலிலயே திரும்பி வந்தவை. உழைக்கிறது வருசக்கணக்கா, ஆனா கடதாசியில அவை இல்லை. பிரதேச செயலகத்தில பதியலாம், பெரிய செலவில்லை. அடுத்த உதவி எப்ப வருதோ தெரியாது, வரேக்க கடதாசி கையில இருக்கோணும்.

----

ஸ்காபரோவில இருந்து

தங்கச்சி, நான் விசுவமடு, இப்ப கனடா. வாசிக்கக் கஷ்டமாக் கிடந்தது. நாங்கள் வராததால உங்களுக்கு விழுந்த அடியை இவ்வளவு நாளும் யோசிக்கவே இல்லை.

எங்கட பக்கத்துப் பழைய மாணவர் சங்கங்கள், கோயில் ஆக்கள் எல்லாம் பயணத்தடை நேரம் ஊருக்கு உலருணவுப் பொதி குடுக்கக் காசு சேத்து அனுப்புகினம். அந்தப் பொதியில அரிசி, மா, சீனி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் போகுது. ஆனா அங்க நிண்டு செய்யிற ஆக்கள் அவசரத்துக்குப் பெரிய மொத்தக்கடையில போய் எல்லாத்தையும் ஒண்டா அள்ளுகினம், தூள் பைக்கற் கொழும்புக் கம்பனியின்ரயாத்தான் இருக்கும். அந்தக் காசு ஊருக்குள்ள வந்து அண்டைக்கே ஊரைவிட்டுப் போகுது. தூளும் மாவும் ஊர் மில்லில வாங்கு, அரிசி ஊர் ஆலையில வாங்கு எண்டு நாங்கள் சொன்னா அதே காசு பொதி வாங்கிற வீட்டுக்கும் உதவும், அரைச்சுக் குடுக்கிற வீட்டுக்கும் உதவும். இதை நான் எங்கட வட்ஸ்அப் குழுவில போட்டிருக்கிறன், கொஞ்சப்பேர் ஓம் எண்டவை.

அதோட என்ர அம்மா இப்பவும் ஊரில. மாசம் மாசம் தூளும் மாவும் அவவுக்குக் குடுங்கோ, காசை முன்கூட்டியே போட்டுவிடுறன். அம்மா அப்பாவை ஊரில விட்டிட்டு இஞ்ச இருக்கிற எங்களை மாதிரி ஆக்கள் எவ்வளவு பேர்? எல்லாரிட்டயும் முன்காசு வாங்கிச் செய்யலாம், கொப்பிக்கடன் எண்ட கதையே அதில வராது.

----

பரந்தன்பிள்ளை

ஐயா, அண்ணைமார், அக்கா, எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. இரவு முழுக்க அம்மாவும் நானும் திருப்பித் திருப்பி வாசிச்சம்.

சாமானுக்குச் சாமான் கணக்குப் போட்டுப் பாத்தன். உழுத்தம்மாவிலதான் நட்டம், சத்துமாவில உழுந்து போறபடியா அதிலயும் கொஞ்சம். மிளகாய்த்தூளில மிச்சம் இல்லையெண்டாலும் நட்டம் இல்லை. கூலி அரைவையிலதான் உண்மையா உழைப்பு வருது, நான் அதை ஒரு பொருட்டா எடுத்துப் பாக்கேல்ல. அப்ப உழுத்தம்மாவை நிப்பாட்டிறன், ஆரும் உழுந்து கொண்டுவந்தா அரைச்சுக் குடுப்பன்.

வேலைக்கு நிக்கிற அக்காமாரோட கதைச்சன். சம்பளத்தில பாதி அரிசி, சாமானா எடுக்க ரெண்டு பேருக்கும் சம்மதம், ஒராள் மட்டும் கட்டுக்காசுக்குக் கிழமையில ஒரு தொகை காசாத்தான் வேணும் எண்டா, அவவுக்கும் குழுக்கடன் இருக்கு. அதை நான் எப்பிடியும் குடுப்பன். லீசிங் கம்பனிக்குக் கடிதம் எழுதிட்டன், முழுக்க அடைக்கிற தொகையும் அதிலயே கேட்டிருக்கிறன். தருமபுரத்தில மரக்கறி ஏத்திற அண்ணை ஒராள் வாகனத்தைப் பாக்க வாறன் எண்டவர்.

ஸ்காபரோ அக்கா, உங்கட அம்மாக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கிறன். அவ உறைப்புக் கூட விரும்புறவவோ, சாதாரணமாவோ எண்டு மட்டும் சொல்லுங்கோ, பிறம்பா வறுத்து அரைச்சுத் தாறன்.

ஒண்டு மட்டும் கேக்கிறன். மஞ்சளுக்கு என்ன வழி? தூள் நிப்பாட்டாம இருக்கோணும் எண்டா மஞ்சள் வேணும். களவாக் கடலால வாற மஞ்சள் மலிவு எண்டு கேக்கிற இடமெல்லாம் சொல்லீனம், பொலிசும் நேவியும் பிடிக்கிறதை நெடுகப் பேப்பரில பாக்கிறம், அதுக்கு எனக்குத் துணிவில்லை.

----

நெளுக்குளம்பந்தல்

கடலால வாறதைத் தொடாதேங்கோ அக்கா, பிடிபட்டா மில்லையும் சேத்துப் பூட்டுவாங்கள். வவுனியாப் பக்கம் போன வருசம் விலை ஏறினவுடன கனபேர் வீட்டு வளவில மஞ்சள் நட்டவை, நட்டு எட்டு ஒன்பது மாசத்தில கிண்டலாம், தை மாசி மட்டில வரும். இப்பவே ஒண்டு ரெண்டு வீட்டோட கதைச்சு வச்சா பச்சையா எடுத்து நீங்களே அவிச்சுக் காயவச்சு அரைக்கலாம், கடைவிலையை விடக் குறைவா முடியும். உழுந்தும் அப்பிடித்தான், செட்டிகுளப் பக்கம் மேட்டுக்காணியில காலபோகத்தோட விதைக்கிறவை, மாசி மட்டில பிடுங்குவினம், அப்ப விலை இறங்கும், அந்த நேரம் திருப்பி உழுத்தம்மா தொடங்கலாம். எனக்குத் தெரிஞ்ச ரெண்டு வீடு இருக்கு, அவையிட்டக் கேட்டிட்டு உங்களுக்குத் தனியாத் தகவல் போடுறன்.

----

கணக்குக்கொப்பி

தங்கச்சி, லீசிங் கடிதத்தைத் தபாலில அனுப்புறதெண்டா பதிவுத் தபாலில அனுப்பித் துண்டைப் பத்திரமா வையுங்கோ. மெசின் கடனுக்கு வங்கிக் கடிதத்தை மறந்திடாதேங்கோ, நீங்கள் எழுதினதில லீசிங் மட்டும்தான் இருக்கு. உங்கட வேலைக்கார அக்காவின்ர குழுக்கடனுக்கும் அவவின்ர பேரில ஒரு கடிதம் எழுதிக் குடுங்கோ, வட்டி எவ்வளவு போடுகினம் எண்டு எழுத்தில கேட்டு.